வில்லி திருந்தும் அத்தியாயம்

அவளுக்கு ஊசி என்று பேர் வைத்தது அவள் வேலை பார்த்த லேபில். ரத்தம் எடுப்பதால் மட்டும் அந்தப் பேர் வந்துவிடவில்லை. அங்கே ரத்தம் எடுக்கிறவர்கள் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள், அவர்களை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை. நரம்பே கிடைக்காத கையிலும் இவள் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள், வலி தெரியாது. வாயைத் திறந்தால்தான் வலிக்கும். வெறும் வயிற்றோடு வந்திருப்பதாகச் சத்தியம் பண்ணும் ஆளின் சட்டையைப் பார்த்துவிட்டு, "அப்ப இந்த பிஸ்கட் தூள் எறும்புக்காகக் கொண்டுவந்ததா?" என்று கேட்பாள். ரப்பர் பட்டையைக் கட்டும்போதே ஆள் பாதி செத்துவிடுவார்.

வீட்டில் மூன்று பேர். பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டும் அண்ணன், அண்ணி, இவள். அப்பா அம்மா போன பிறகு அந்த வீட்டில் பேச்சு என்றால் பெண்கள் இருவர் பேசுவதுதான். அண்ணன் வாயிலிருந்து தேவைக்கு மேல் ஒரு மூச்சு வராது. ஊசிக்கு முப்பத்தைந்து வயது ஆகியும் கல்யாணம் ஆகவில்லை. வந்த வரன்களை எல்லாம் தட்டிக்கழித்தாள் என்று அண்ணி சொல்வாள், வந்தவர்கள் எல்லாம் ஓடிப்போனார்கள் என்று லேபில் சொல்வார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

அண்ணி ஒரு பெரிய கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தவள். கடையில் ஆளுக்குப் பதிலாக மெஷின் வைத்தார்கள், வேலை போயிற்று. சும்மா இருந்த கைக்குப் போன் கிடைத்தது, வெறும் வாயை மெல்கிறவளுக்கு அவல் கிடைத்த மாதிரி. கதை படிக்கும் செயலி ஒன்றைப் போட்டு முதலில் படித்தாள். பிறகு, இதை நாமே எழுதினால் என்ன என்று எழுதவே ஆரம்பித்துவிட்டாள். யார் தடுப்பது? வாசலும் இல்லை, காவலும் இல்லை, போனில் சார்ஜ் இருந்தால் எழுத்தாளர்.

"கட்டைவிரலால வைக்கிறதுக்குப் பேரு கதையா அண்ணி? எங்க ஊர்ல கைநாட்டும்பாங்க" என்றாள் ஊசி.

அதன் பிறகு ஊசி அந்தப் பக்கமே திரும்பவில்லை. என்ன எழுதுகிறாள், எந்தப் பேரில் எழுதுகிறாள், யார் படிக்கிறார்கள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் மதித்ததாக ஆகிவிடுமாம். அந்தத் திமிர் மட்டும் இல்லாமல் ஒரே ஒரு நாள் எட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

அண்ணி எழுதும் லட்சணத்தையும் சொல்லிவிட வேண்டும். அண்ணன் கிளம்பியதும் சாப்பாட்டு மேஜையில் சர்க்கரை டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைப்பாள். முதல் வேலை எழுதுவது இல்லை, வாசகிகள் போட்ட கமெண்டுகளைப் படிப்பது. 'இன்னிக்கு எபிசோட் செம சிஸ்.' 'அந்த நாத்தனாரை ரெண்டு சாத்து சாத்தணும் போல இருக்கு சிஸ்.' 'நாளைக்கு அவ மாட்டணும், சொல்லிட்டேன்.' அவர்கள் மாட்டச் சொன்னால் மாட்டவைப்பாள், தப்பிக்கச் சொன்னால் தப்பிக்கவிடுவாள். ஆயிரம் பேர் வாயால் எழுதுவதை இவள் விரலால் தட்டிக்கொடுத்தாள், அவ்வளவுதான். ஒருத்தி, 'உங்க வீட்டுச் சாமானெல்லாம் கண்ணு முன்னாடி நிக்குது சிஸ்' என்று எழுதிவிட்டாள். அன்று முதல் ஒழுகும் குழாயில் கட்டிய பழைய நீலக் காலுறை, மூடாத ஃப்ரிட்ஜ் கதவை இழுத்துக் கட்டியிருந்த அண்ணனின் இடுப்பு பெல்ட் எல்லாம் கதைக்குள் போயின. ஆட்களின் பேரை மாற்றத் தெரிந்தவளுக்குச் சாமான்களை மாற்றத் தோன்றவில்லை.

சண்டைக்குச் சரக்குத் தீர்ந்துபோகும் நாளும் வரும். அன்றைக்கு அண்ணி ஊசியிடம் வந்து நிற்பாள்.

"உன் துண்டையும் நானே துவைக்கணுமா?"

"நான் துவைக்கச் சொல்லல அண்ணி. அது அழுக்கா இருந்தாலும் நீங்க துவைச்சதைவிட வாசனையாத்தான் இருக்கும்."

அண்ணி ஒன்றும் சொல்லாமல் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வாயடைத்துவிட்டோம் என்று ஊசிக்கு ஒரே பெருமை. உள்ளே அண்ணி மறப்பதற்குள் தட்டிக்கொண்டிருப்பாள். தூண்டில் போட்டவள் பேசாமல் இருக்க, மீன் தன்னை மெச்சிக்கொண்டது.

லேபில் கூட்டம் குறைந்த நேரத்தில் ரிசப்ஷன் பெண் ஒரு தொடரை வாய்விட்டுப் படிப்பாள். 'என் கணவனின் தங்கை' என்று பேர். பனித்துளி என்று எவளோ எழுதுவது. வர்ணனை வந்தால் சர்ரென்று தள்ளிவிடுவாள், சண்டை வரும்வரை விரல் நிற்காது. முதல் அத்தியாயத்திலிருந்து படித்தவர் அங்கே யாரும் இல்லை. நேற்று என்ன நடந்தது என்பதே பாதி நினைவுதான், ஆனால் யாரைத் திட்ட வேண்டும் என்பது மட்டும் எல்லாருக்கும் பாடம். அந்தக் கதையில் ஒரு நாத்தனார். குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டுவாள், அண்ணியின் மாத்திரையை ஒளித்து வைப்பாள், அண்ணனிடம் கோள் சொல்வாள். ரத்தம் கொடுக்க வந்த பெண்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திட்டினார்கள். ஊசியும் சேர்ந்து திட்டினாள்.

"இவளை வீட்டுக்குள்ள வச்சிருக்கிறானே, அந்த அண்ணன்காரன் சரியான மண்ணாந்தை" என்றாள்.

சில இடங்களில் மட்டும், பரவாயில்லையே, நல்லாத்தான் பதில் சொல்கிறாள் என்று தோன்றும். தன் வாயைத் தனக்கே அடையாளம் தெரியவில்லை. துண்டுச் சண்டைகூட வந்தது. அதில் துண்டு போர்வையாகியிருந்தது, அவ்வளவு போதும் இவளை ஏமாற்ற.

இதற்கு நடுவில்தான் லிஃப்ட்காரர் வந்தார். லேப் இருந்த கட்டிடத்தில் லிஃப்ட் அடிக்கடி மக்கர் பண்ணும், அதைச் சரிபார்க்க வருகிறவர். வந்த இடத்தில் ஒருநாள் சர்க்கரை சோதித்துக்கொள்ள உட்கார்ந்தார். ஊசியைப் பார்த்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"அத்தனை மாடிப் பள்ளத்துல தொங்குற ஆளு, இதுக்குப் போய் கண்ணை மூடுறீங்களே."

"பள்ளம் குத்தாதுங்க" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அவள் பேச்சைக் கேட்டு வலிக்காமல் சிரித்த முதல் ஆண் அவர்தான். அதன் பிறகு லிஃப்ட் ஒழுங்காக ஓடும் நாளிலும் அவர் வந்தார். "உங்க வாய்தாங்க எனக்குப் பிடிச்சதே" என்று ஒருநாள் படிக்கட்டில் வைத்துச் சொன்னார். வீட்டுக்குப் போய் ஊசி யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் அண்ணியின் துணிகளையும் சேர்த்து மடித்து வைத்தாள். இவர்தான் வேண்டும் என்று அவள் மனசுக்குள் முடிவாகிவிட்டது. வாழ்க்கையில் அவள் எதையும் அப்படி வேண்டும் என்று நினைத்ததில்லை.

லிஃப்ட்காரரின் அம்மா வீட்டைப் பார்க்க வந்தார். நல்ல பெண்மணியாகத்தான் தெரிந்தார். டீ குடித்தார், ஊசியின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் பையன் பேசவே மாட்டான், உன்னைப் பத்தின்னா மட்டும் வாய் மூடலை" என்றார். ஊசிக்குப் பதில் வரவில்லை. அண்ணனே ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு அந்த அம்மா கை கழுவ எழுந்து போனார்.

குழாயில் கட்டிய நீலக் காலுறையைப் பார்த்து நின்றவர் வர நேரமாயிற்று. திரும்பி வரும்போது முகம் வேறாக இருந்தது. நேராகச் சமையலறைக்குள் போய் ஃப்ரிட்ஜைப் பார்த்தார். பெல்ட்டைத் தொட்டுக்கூடப் பார்த்தார். வெளியே வந்து அண்ணியிடம் மெதுவாகக் கேட்டார்.

"பனித்துளி... நீங்களா?"

அண்ணியின் முகம் பூத்தது. ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த அம்மா அண்ணியைக் கட்டிக்கொண்டார். நாத்தனாரைப் பெண் கேட்க வந்ததும் போயிற்று, எல்லாம் போயிற்று. இரண்டு பேரும் ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எடுத்தது ஊசி. போனை அவள் கையில் கொடுத்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எடுத்து முடித்ததும் அந்த அம்மா ஊசியை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு பார்வை பார்த்தார்.

"அப்ப, அது நீதானா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலம் லிஃப்ட்காரர் போன் பண்ணினார். தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார். "அம்மாவுக்கு வேண்டாம்னு இல்லைங்க. ஆனா எங்க பெரியம்மா, சித்தி, அத்தை எல்லாரும் அந்தக் கதையைப் படிக்கிறாங்க. குரூப்பே வச்சிருக்காங்க. அந்தப் பொண்ணையா எடுக்கிறேன்னு கேப்பாங்களாம். அதனால கதையில அவ திருந்திட்டா... அதுக்கப்புறம் கல்யாணம்னா, பேச்சு வராதுன்னு அம்மா சொல்றாங்க."

"எவ திருந்தணும்?"

"கதையில வர்ற நாத்தனார்."

ஊசிக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. லேபில் வாரக்கணக்காகத் தான் யாரைத் திட்டினோம் என்பதும் கூடவே விளங்கியது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு முதல் அத்தியாயத்திலிருந்து படித்தாள். உப்பும் மாத்திரையும் வந்த இடங்களில் "அடிப்பாவி" என்று ஒரு தடவை சொன்னதோடு சரி. கோபம் வந்தது, ஆனால் பொய் என்ன செய்துவிடும்? சுட்டது வேறு. முதல் அத்தியாயத்திலேயே இருந்தது. அண்ணிக்கு வேலை போன வாரம், அழுது வீங்கிய முகத்தோடு அவள் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது ஊசி சொன்னது. "உங்களுக்கு மெஷினே மேல்னு கடைக்காரனுக்குத் தெரிஞ்சுபோச்சு, எங்க அண்ணனுக்குத்தான் இன்னும் தெரியல." ஓர் எழுத்து மாறாமல் அப்படியே இருந்தது. ஊசிக்கு அது மறந்தே போயிருந்தது. வெட்கத்தில் உடம்பு கூசியது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அண்ணியிடம் போனாள். கெஞ்சுவது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு அண்ணி. அந்த மெஷின் பேச்சு. உப்பும் மாத்திரையும் நீங்க இட்டுக்கட்டினது, இது நான் சொன்னதுதான். மன்னிச்சுடுங்க."

அண்ணி அழுதுவிட்டாள். "நான் உன்னைக் கெடுக்கணும்னு எழுதலம்மா. ஆரம்பத்துல மனசு தாங்காமத்தான் எழுதினேன். அப்புறம் அவங்க கேட்டாங்க, எழுதினேன்."

"சரி, இப்ப நான் கேக்கிறேன். அவளைத் திருத்திடுங்க."

"திருத்திடறேன்" என்றாள் அண்ணி. மனசாரத்தான் சொன்னாள், அதில் சந்தேகம் வேண்டாம்.

அப்படியே எழுதினாள். கதையில் நாத்தனார் அண்ணியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். மாத்திரையைத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தாள், குழம்பில் அளவாக உப்புப் போட்டாள். ஊசி வாழ்க்கையில் முதல்முறையாக அண்ணியின் எழுத்துக்காகக் காலையில் காத்திருந்தாள்.

வாசகிகள் பொங்கி எழுந்தார்கள். அநியாயத்தைக் கண்டு பொங்கவில்லை, நியாயத்தைக் கண்டு பொங்கினார்கள். 'என்ன சிஸ் சப்புன்னு ஆயிடுச்சு.' 'வில்லி இல்லைன்னா நாங்க என்னத்தைப் படிக்கிறது?' 'நான் வேற கதைக்குப் போறேன், பை.' போனார்கள். கூட்டம் கூட்டமாகப் போனார்கள். தினம் வந்து இதயம் போட்டுவிட்டுப் போனவர்கள், நீ யாரோ நான் யாரோ என்று பக்கத்துக் கதைக்குள் நுழைந்துவிட்டார்கள். லேபில் ரிசப்ஷன் பெண்ணும் விட்டுவிட்டாள். "திருந்திட்டாளாம், இனி என்ன இருக்கு?" என்று கொட்டாவி விட்டாள்.

அண்ணி காய்ச்சல்காரி மாதிரி வீட்டுக்குள் நடந்தாள். அரிசி களைய வைத்ததை மறந்தாள், போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், சார்ஜ் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். கடையில் மெஷின் வந்த நாளிலும் அவள் முகம் இவ்வளவு செத்திருக்கவில்லை. ஊசிக்குப் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

"கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க அண்ணி. கல்யாணம் முடியட்டும், அப்புறம் என்னைப் பேயாக்குனாலும் சரி."

"சரிம்மா, சரிம்மா" என்றாள் அண்ணி. கண் போனில் இருந்தது.

அந்த வாரம் தாண்டவில்லை. காலையில் ஊசி லேபுக்குள் நுழையும்போதே ரிசப்ஷன் பெண் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தாள். "அக்கா, அவ திருந்தவே இல்ல. எல்லாம் நடிப்பாம். கல்யாணம் நடக்கணும்கிறதுக்காக நல்லவ மாதிரி வேஷம் போட்டிருக்கா. என்ன திருப்பம் பாத்தீங்களா?" போனவர்கள் அத்தனை பேரும் திரும்பி வந்திருந்தார்கள், புதுசாகவும் வந்திருந்தார்கள். கமெண்டுகளின் உச்சியில் ஒன்று, அதற்கு நூற்றுக்கணக்கான இதயம். 'எனக்கு அப்பவே தெரியும் சிஸ். இவளாவது திருந்துறதாவது. சூப்பர்.' பக்கத்தில் சின்ன வட்டத்துக்குள் படம். ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று எடுத்த போட்டோவில் அண்ணியை வெட்டிவிட்டுத் தன்னை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார் லிஃப்ட்காரரின் அம்மா. மருமகள் திருந்த வேண்டும், வில்லி திருந்தக் கூடாது. ஒரே மண்டைக்குள் இரண்டும் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தின. படிப்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது பாருங்கள்.

மத்தியானம் லிஃப்ட்காரர் வந்தார். கையில் கருவிப் பை இருந்தது, ஆனால் லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மாதிரிக் குழாய்கள் அடுக்கியிருந்த அறையில் நின்றுகொண்டே பேசினார்.

"அம்மா ரொம்ப வருத்தத்துல இருக்காங்க. நடிப்புன்னு இப்பத்தானே தெரியுதுங்கிறாங்க."

"எது நடிப்பு?"

"இல்ல, கதையிலதான். நான் சொன்னேன், இருந்தாலும்..." பையைத் தோள் மாற்றிக்கொண்டார். "நீங்க அண்ணிகிட்ட சொல்லி இன்னொரு தடவை திருத்தச் சொல்லுங்களேன். இந்தத் தடவை திரும்பி மாறாத மாதிரி."

ஊசி கையுறையைக் கழற்றினாள். "நான் எப்படின்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"எனக்குத் தெரியுங்க. நல்லாத் தெரியும். ஆனா அவங்க எல்லாரும் படிக்கிறாங்களே."

அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு வேலை சுலபம். அவள் வாயைப் பிடித்துப்போனதாகப் படிக்கட்டில் சொன்ன அதே ஆள், இப்போது அந்த வாயைச் சரிபண்ணிக் கொடு என்று அவள் அண்ணியின் கட்டைவிரலிடம் மனு போடுகிறார். ஊசிக்கு வழக்கமாக வரும் குத்தல் பேச்சு ஒன்றும் வரவில்லை.

"எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. ஆனா உங்க வீட்டுக்கு வந்தா தினமும் காலையில, நான் இன்னிக்கு நல்லவளா கெட்டவளான்னு போனைப் பாத்துத்தான் நீங்க தெரிஞ்சுக்குவீங்க. என்னைத் தெரியும்னு சொல்றீங்க, அதை உங்க அம்மாகிட்ட சொல்ல உங்களுக்கு வாய் இல்ல. எனக்கு வேணாங்க. போயிட்டு வாங்க."

அவர் நின்றார். பிறகு போனார். லிஃப்ட்டில் போகாமல் படிக்கட்டில் இறங்கிப் போனார்.

வீட்டில் அண்ணி சர்க்கரை டப்பா முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஊசியைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்தாள். "அவர் என்னம்மா சொன்னார்?" என்று கேட்டாள். கேட்ட குரலில் கவலை இருந்தது, பசியும் இருந்தது. வீட்டைத் தலைகீழாக்கும் கோபத்தோடுதான் ஊசி வந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும் கோபம் அற்றுப்போய் அருவருப்புதான் மிஞ்சியது, அதையும் காட்டத் தெம்பில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"போனை எடுங்க அண்ணி. நான் சொல்றேன், எழுதுங்க. உப்பு வேணாம், மாத்திரை வேணாம். நடந்தது மட்டும். ஒரு வார்த்தை கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது."

சொன்னாள். அவர் பை மாற்றியது, அவர் கேட்டது, இவள் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணி அழுதுகொண்டே தட்டினாள். நடுவில் ஒரு தடவை மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ, இப்படிப் பண்ணிட்டேனே" என்றாள். விரல் நிற்கவில்லை. முடித்ததும் ஊசி வாங்கிப் படித்துப் பார்த்தாள். சொன்னது சொன்னபடி இருந்தது. அவளே பொத்தானை அழுத்தி அனுப்பினாள்.

மறுநாள் லேபில் நல்ல கூட்டம். ரிசப்ஷன் பெண் வழக்கம்போல வாய்விட்டுப் படித்தாள், நடுவில் தள்ளாமல் முழுசாகப் படித்தாள். காத்திருந்த பெண்கள் கேட்டார்கள். ஊசி உள்ளே இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

படித்து முடித்ததும் ரிசப்ஷன் பெண் உதட்டைப் பிதுக்கினாள். "சேச்சே, கெடுத்துட்டாங்க. இது கொஞ்சம் ஓவரா இல்ல? இவ்வளவு நாள் அவ்வளவு பண்ணினவ, வந்த மாப்பிள்ளையைப் போய் இப்படி வேணாம்னு சொல்வாளா?"

"இத்தனை நாள் எல்லாம் நிஜமா நடந்த மாதிரி இருந்துச்சு. இன்னிக்குத்தான் சும்மா அடிச்சுவிட்டிருக்காங்க" என்றாள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்த ஒருத்தி. உட்கார்ந்துகொண்டு ஊசியைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க சிஸ்டர், நிஜத்துல எவளாவது அப்படிச் சொல்வாளா?"

ஊசி அவள் கையில் ரப்பர் பட்டையை இறுக்கிக் கட்டினாள்.

"சொல்ல மாட்டா" என்றாள். "கையை மூடிக்கங்க."